மாணவர்களின் ஆர்வத்தைக் கூட்டும் நெகிழ்வான வகுப்பறை அமைப்பு: முழுமையான வழிகாட்டி

வகுப்பறையில் மேசைகளை மாற்றிப் போட்ட முதல் நாள் மாணவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். புதுசு என்பதால் வரும் உற்சாகம் அது. இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். அப்புறம் பேச்சுச் சத்தம்தான் மிச்சம், பாடம் நகரவில்லை என்று பல ஆசிரியர்கள் பழைய வரிசைக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த வகுப்பறைகளில் பெரும்பாலும் மாறியிருப்பது மேசைகள் மட்டும்தான். கொடுக்கும் வேலை மாறியிருக்காது. எங்கே உட்காருவது என்பதில் மாணவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க இரண்டு விஷயங்களைச் சுற்றியே போகும். செய்கிற வேலைக்குப் பொருந்துகிற இடம் வேண்டும். அந்த இடத்தைத் தேர்வு செய்வதில் மாணவருக்கு உண்மையான பங்கு வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஆர்வம் நிலைக்கும். புதிய மேசை நாற்காலி வாங்கத் தேவையில்லை, இருப்பதை வைத்தே தொடங்கலாம்.

இருக்கைக்கும் ஆர்வத்துக்கும் என்ன தொடர்பு?

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், மனிதர்கள் ஒரு வேலையில் தாமாக மனம் ஒன்றுவதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்று பல பத்தாண்டு ஆய்வுகளின் வழியே சொல்லிவந்தார்கள். இதை நான் விரும்பித்தான் செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் இது முடியும் என்ற நம்பிக்கை, இங்கே இருப்பவர்களுக்கு நான் வேண்டியவன் என்ற பிணைப்பு. வகுப்பறை அமைப்பு இந்த மூன்றையும் தொடுகிறது. இடத்தைத் தேர்வு செய்யும்போது முதலாவது கிடைக்கிறது. போர்டு தெளிவாகத் தெரிந்து, சந்தேகம் கேட்க ஆசிரியர் கையெட்டும் தூரத்தில் இருந்தால் இரண்டாவது வருகிறது. சக மாணவரின் பின்தலையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து உட்காரும்போது மூன்றாவது வளர்கிறது.

எந்த அமைப்பு சிறந்தது என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே பதில் தரவில்லை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1981-ல் கெவின் வெல்டாலும் அவரோடு சேர்ந்தவர்களும் 11 வயது மாணவர்களின் இரண்டு வகுப்புகளைக் கவனித்தார்கள். தனியாகச் செய்யும் வேலையில், குழு மேசைகளில் இருந்ததைவிட வரிசையில் இருந்தபோது மாணவர்கள் அதிக நேரம் வேலையில் ஈடுபட்டார்கள். 1999-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்விலோ, நான்காம் வகுப்பு மாணவர்கள் வரிசையில் இருந்ததைவிட அரைவட்டத்தில் இருந்தபோது அதிகக் கேள்விகள் கேட்டார்கள். இரண்டும் உண்மைதான். ஒன்றில் வேலை எழுதுவது, மற்றொன்றில் கேட்டுப் பேசுவது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும், செய்யவேண்டிய வேலைதான் இருக்கை அமைப்பை முடிவு செய்யவேண்டும் என்றே சொன்னது. வரிசை என்றாலே பழமை, வட்டம் என்றாலே புதுமை என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. வேலை மாறும்போது அறையும் மாற முடிகிறதா என்பதுதான் பார்க்கவேண்டியது.

படி 1: எதையும் நகர்த்தாமல் ஒரு வாரம் கவனியுங்கள்

ஒரு தாளில் வகுப்பறையின் வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு கட்டம். தினமும் ஏதாவது ஒரு பாடவேளையில் மட்டும் மூன்று வகைக் குறிகள் போதும். மாணவர் தானாகக் கை தூக்கினால் அவர் கட்டத்தில் ஒரு கோடு. நீங்கள் அவர் அருகில் போய்ப் பேசினால் ஒரு புள்ளி. வேலை கொடுத்து மூன்று நிமிடம் ஆகியும் அவர் தொடங்கவில்லை என்றால் ஒரு பெருக்கல் குறி. நடத்திக்கொண்டே குறிப்பது சிரமம் என்றால், அந்த நேரம் ஓய்வாக இருக்கும் சக ஆசிரியரை வந்து உட்காரச் சொல்லலாம்.

வாரக் கடைசியில் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியும். கோடுகளும் புள்ளிகளும் முன்வரிசையிலும் நடுப்பகுதியிலும் குவிந்திருக்கும், ஓரங்களும் பின்மூலைகளும் வெறிச்சோடி இருக்கும். ரேமண்ட் ஆடம்ஸ், புரூஸ் பிடில் என்ற ஆய்வாளர்கள் 1970-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆசிரியரின் பார்வையும் கேள்வியும் அந்த நடுப்பகுதியைத்தான் சுற்றி வருகின்றன, ஆசிரியருக்கே அது தெரிவதில்லை. 'இந்தப் பையனுக்கு ஆர்வமே இல்லை' என்று நாம் சொல்லும் பிள்ளைகளில் சிலர், நம் கண் போகாத கட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களாக இருக்கலாம். தாளைப் பார்க்காமல் இது தெரியாது.

மாணவர்களிடமும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எங்கே உட்கார்ந்தால் போர்டு சரியாகத் தெரியவில்லை? எங்கே எழுத வசதியாக இருக்கிறது? யார் பக்கத்தில் இருந்தால் உன் வேலை நடக்கிறது? 'யாரைப் பிடிக்கும்' என்று மட்டும் கேட்காதீர்கள். அது வேறு கேள்வி, அதற்கு வரும் பதில் சில பிள்ளைகளைப் புண்படுத்தும்.

படி 2: வேலைகளைப் பட்டியலிட்டு அமைப்புகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்

ஒரு வாரத்தின் பாடக்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, மாணவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். கவனித்துக் கேட்பது, தனியாக எழுதுவது, ஜோடியாகப் பேசுவது, குழுவாக ஒன்றைச் செய்வது, வகுப்பே சேர்ந்து விவாதிப்பது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் போகிறது என்று தோராயமாகப் போட்டால் போதும்.

அதிக நேரம் எடுக்கும் வேலைக்கு ஏற்றதே உங்கள் அடிப்படை அமைப்பு. காலையில் மாணவர்கள் உள்ளே வரும்போது அறை அப்படித்தான் இருக்கும். அதோடு இரண்டு மாற்று அமைப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆறு ஏழு அமைப்புகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கும் வகுப்பறையில் மாற்றுவதற்கே பாதி நேரம் போய்விடும். மூன்று அமைப்புகளை மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகியபின் நான்காவதை யோசிக்கலாம்.

படி 3: அறையை அளந்து பாருங்கள்

கதவு, ஜன்னல், போர்டு, மின்செருகி, நகர்த்த முடியாத அலமாரி ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கதவுக்குப் போகும் வழி எந்த அமைப்பிலும் அடைபடக் கூடாது. முக்கிய நடைபாதைக்குச் சுமார் 90 செ.மீ. அகலம் விடுங்கள். சக்கர நாற்காலி போக அந்த அகலம் வேண்டும், அது திரும்புவதற்கு ஓரிடத்திலாவது ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். அப்படி ஒரு மாணவர் இப்போது உங்கள் வகுப்பில் இல்லாவிட்டாலும் இந்த அகலம் உங்களுக்கே பயன்படும். எந்த மேசைக்கும் நீங்கள் நேராக நடந்து போக முடிய வேண்டும்.

அடுத்தது ஆசிரியர் மேசை. பல அறைகளில் அதிக இடம் பிடித்து முன்னால் நடுவில் நிற்பது அதுதான். ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் மாணவர்களுக்கு இடம் கிடைக்கும், உங்கள் கால்களுக்கும் நடக்கிற பழக்கம் வரும்.

வெளிச்சத்தையும் காற்றையும் மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பாரெட் குழு 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டது. ஓர் ஆண்டில் மாணவர்களின் கற்றல் முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 சதவீதத்தை வகுப்பறையின் பௌதிகக் கூறுகளால் விளக்க முடிந்தது. அதில் ஏறத்தாழப் பாதி வெளிச்சம், வெப்பநிலை, காற்றின் தரம் ஆகியவற்றைச் சேர்ந்தது. இது நம் அறை என்று பிள்ளைகள் உணர்வதும், அறை வெவ்வேறு வேலைக்கு இடம் கொடுப்பதும் ஏறத்தாழக் கால் பங்கு. ஆகவே ஜன்னலை மறைத்துக்கொண்டு அழகான ஒரு படிப்பு மூலையை அமைப்பதில் லாபமில்லை.

சுவரில் ஒட்டும் படங்களிலும் அளவு தேவை. 2014-ல் அமெரிக்காவில் மழலையர் வகுப்புக் குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனையில், சுவர் முழுக்க அலங்காரம் இருந்த அறையில் பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. போர்டைச் சுற்றியுள்ள சுவரைக் காலியாக விட்டுவிட்டுப் பக்கச் சுவர்களில் மாணவர்களின் படைப்புகளை வையுங்கள்.

படி 4: எந்த வேலைக்கு எந்த அமைப்பு

*ஜோடி வரிசை.* இரண்டு இரண்டு பேராக, எல்லோரும் போர்டைப் பார்த்து. தனியாக எழுதவும், விளக்கத்தைக் கேட்கவும், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசிப் பார்க்கவும் ஏற்றது. பெரும்பாலான வகுப்புகளுக்கு அடிப்படை அமைப்பாக இதையே பரிந்துரைப்பேன். இங்கிருந்து மற்ற அமைப்புகளுக்குப் போவதும் எளிது.

*நால்வர் குழு.* கூடிச் செய்யும் வேலைக்கு. குழுவில் ஐந்தாவது ஆள் சேர்ந்தால் பெரும்பாலும் ஒருவர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார். நான்கு பேர் என்றால் இரண்டு ஜோடிகளாகப் பிரிந்து பேசவும் முடியும். நீண்ட நேரக் குழு வேலையில் யாருடைய முதுகும் போர்டைப் பார்த்து இருக்க வேண்டாம். மேசைகளைச் சற்றே சாய்வாகப் போட்டால் நால்வருமே தலையைத் திருப்பினால் போர்டு தெரியும்.

இந்த அமைப்பு வேலை செய்வதும் செய்யாமல் போவதும் நீங்கள் கொடுக்கும் பணியைப் பொறுத்தது. ஒருவரே செய்துவிடக்கூடிய பயிற்சியை நான்கு பேரிடம் கொடுத்தால் ஒருவர் செய்வார், மூவர் பார்த்து எழுதுவார்கள். நால்வரின் பங்கும் இல்லாமல் முடியாத வேலையாக இருக்கவேண்டும். ஒரு நிலப்படத்தை நான்கு துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து, சேர்த்துவைத்தால்தான் விடை கிடைக்கும்படி கேள்வி கேட்கலாம். குழுவுக்கு ஒரே ஒரு தாள், ஒரே ஒரு பேனா கொடுத்து, பேனா வைத்திருப்பவர் தன் யோசனையை எழுதக் கூடாது, மற்றவர் சொல்வதைத்தான் எழுதவேண்டும் என்று விதி வைக்கலாம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பெய்க்னர் இயற்பியல் வகுப்புகளுக்கு 7 அடி விட்டமுள்ள வட்ட மேசைகளைக் கொண்டுவந்தபோது ஒரு மேசைக்கு 9 பேர், அவர்கள் மும்மூன்று பேராக மூன்று அணிகள் என்று வகுத்தார். மேசையின் வடிவத்தோடு யார் யாருடன் வேலை செய்வது என்பதும் சேர்ந்தே திட்டமிடப்பட்டது.

*'ப' வடிவம்.* விவாதம், வாய்மொழிப் பயிற்சி, செய்து காட்டுதல் ஆகியவற்றுக்கு. மூன்று பக்கமும் மாணவர்கள், திறந்த பக்கத்தில் போர்டு, நடுவில் நீங்கள் நடமாட இடம். எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம், ஒளிந்துகொள்ளக் கடைசி வரிசை கிடையாது. முப்பது பேருக்கு மேல் இருந்தால் ஒரு 'ப'வுக்குள் இன்னொரு சிறிய 'ப' போடுங்கள். உள்ளே இருப்பவர்கள் பேச, வெளியே இருப்பவர்கள் குறிப்பெடுக்க, பாதி நேரத்தில் இடம் மாறச் செய்யலாம். ஒரு சிறு நுணுக்கம்: 'ப'வில் நீங்கள் நிற்கும் இடத்துக்கு நேரெதிரே இருப்பவர்கள்தான் அதிகம் பேசுவார்கள், இரு கைகளின் நுனியில் இருப்பவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். அதனால் அடிக்கடி நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள்.

*வட்டம்.* மேசை இல்லாமல் நாற்காலி மட்டும், அல்லது தரையில். கதை, வாசிப்பு, வகுப்புக் கூட்டம், மனம் விட்டுப் பேசவேண்டிய விஷயம். எழுதும் வேலைக்குச் சரிவராது.

*தனிமை மூலை.* அறையின் அமைதியான பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி இரண்டு மூன்று இருக்கைகள். சத்தம் தாங்காத பிள்ளை, மனம் சரியில்லாத பிள்ளை, ஒரு வேலையை முடித்தே ஆகவேண்டும் என்று நினைக்கிற பிள்ளை யாரும் அங்கே போகலாம். தண்டனைக்காக ஒருமுறை ஒருவரை அங்கே அனுப்பினீர்கள் என்றால் அதன்பின் யாரும் தாமாக அங்கே போக மாட்டார்கள்.

*நின்று செய்யும் இடம்.* முழங்கை உயரத்தில் அகலமான பலகை அல்லது உயரமான அலமாரியின் மேல்தளம் போதும். பின்பக்கச் சுவரை ஒட்டி இருந்தால் யாருக்கும் மறைக்காது. காலை ஆட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி.

மெத்தை, திண்டு, தரைவிரிப்பு எல்லாம் வாசிப்புக்கு நன்றாக இருக்கும். நீண்ட நேரம் எழுதவேண்டும் என்றால் முதுகுக்கு ஆதாரமும், கால் தரையில் பதியும் உயரமும் வேண்டும். கால் எட்டாத பிள்ளைக்கு ஒரு பழைய மரப்பெட்டியைக் காலடியில் வைத்தாலே போதும்.

படி 5: மாறுவதற்குப் பயிற்சி கொடுங்கள்

பல முயற்சிகள் கவிழ்வது இங்கேதான். 'எல்லோரும் குழுவாக உட்காருங்கள்' என்று சொன்ன அடுத்த நொடி நாற்காலிகள் கிரீச்சிட, பைகள் சரிய, இருவர் ஒரே மேசையை இரண்டு பக்கம் இழுக்க, பத்து நிமிடம் போய்விடும். பாடம் எதுவும் வைக்காமல் மாறுவதை மட்டுமே ஒரு பாடவேளையில் சொல்லிக்கொடுங்கள்.

ஜோடி வரிசையிலிருந்து நால்வர் குழுவுக்கு மேசையை நகர்த்தவே வேண்டாம். முதல் வரிசை ஜோடி எழுந்து, நாற்காலியைத் தூக்கித் திருப்பி, பின்வரிசை ஜோடியின் மேசைக்கு முன்னால் அவர்களைப் பார்த்து உட்காருகிறது. மூன்றாம் வரிசை நான்காம் வரிசையை நோக்கித் திரும்புகிறது. அவ்வளவுதான், குழு தயார். நீண்ட நேரக் குழு வேலை என்றால் மட்டும் மேசைகளைச் சேர்த்துப் போடலாம்.

'ப' வடிவத்துக்கு மேசைகள் நகரவேண்டும். தரையில் மேசைக்கால் வரும் இடங்களில் வண்ண டேப் ஒட்டுங்கள். வரிசைக்கு ஒரு நிறம், 'ப'வுக்கு வேறு நிறம். ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் தண்ணீர் பாட்டில் பைக்குள், பை சுவரோரம். அடுத்து நாற்காலிகள் மேசைக்கு அடியில். அப்புறம் ஒரு மேசைக்கு இருவர், இரு முனையிலும் ஒவ்வொருவர், இழுக்காமல் தூக்கவேண்டும். ஓர மேசைகள் முதலில், நடு மேசைகள் கடைசியில். கடிகாரம் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிப்பது நல்ல இலக்கு. எங்கே நேரம் விரயமானது என்று மாணவர்களையே கேளுங்கள், அவர்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் நம்முடையதைவிட நன்றாகவே இருக்கும். 'நான்காவது மேசை கதவுப் பக்கமாகப் போனால் இடிக்காது சார்' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அறை அவர்களுடையதாக மாறத் தொடங்குகிறது.

சத்தத்தைக் குறைக்க நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குப்பி மாட்டுங்கள், அல்லது தடித்த துணியைச் சுற்றிக் கட்டுங்கள். வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-ல் தந்த வழிகாட்டுதல். எந்த வகுப்பிலும் அதை எட்டுவது கடினம், ஆனாலும் திரைச்சீலையும் துணிப் பலகையும் எதிரொலியை நன்றாகக் குறைக்கும். 1960, 70-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுவரே இல்லாத திறந்த வகுப்பறைகளைக் கட்டினார்கள். பக்கத்து வகுப்பின் சத்தம் பொறுக்க முடியாமல் அவற்றில் பலவற்றில் பின்னாளில் தடுப்புகள் எழுந்தன. இடம் எவ்வளவு நெகிழ்வாக இருந்தாலும் ஆசிரியர் பேசுவது காதில் விழாவிட்டால் பயனில்லை.

படி 6: தேர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையளியுங்கள்

முதல் நாளே 'எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்' என்றால் நண்பர்கள் ஒன்றுசேர்வார்கள், தனித்துவிடப்பட்ட பிள்ளை இன்னும் தனித்துப்போகும். படிப்படியாகப் போங்கள்.

முதலில் இரண்டே வழிகள்: 'இந்தக் கணக்குகளைத் தனியாகச் செய்யலாம், அல்லது பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து செய்யலாம்.' இது பழகியதும் இடத்தைத் தேர்வு செய்யவிடுங்கள்: மேசை, நிற்கும் பலகை, தனிமை மூலை. கடைசியாக, இன்றைய வேலைக்கு அறை எப்படி இருக்கவேண்டும் என்பதையே வகுப்பு முடிவு செய்யட்டும். முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போக ஒரு பருவம் முழுக்க ஆனாலும் பரவாயில்லை.

விதிகளை மாணவர்களோடு சேர்ந்து எழுதுங்கள். நான்கு போதும். என் வேலை நடக்கவேண்டும். பக்கத்தில் இருப்பவர் வேலையும் நடக்கவேண்டும். எந்த இடமும் யாருக்கும் நிரந்தரச் சொந்தம் கிடையாது. ஆசிரியர் மாறச் சொன்னால் வாதாடாமல் மாறவேண்டும், வருத்தம் இருந்தால் வகுப்பு முடிந்தபின் பேசலாம்.

தவறான இடத்தைத் தேர்வு செய்த பிள்ளையிடம் பேசும் விதம்தான் இந்த முறையின் உயிர். 'சொன்னேனா இல்லையா, அவனோடு உட்காராதே என்று' எனத் தொடங்கினால் தேர்வு அங்கேயே செத்துவிடும். வகுப்பு முடிந்ததும் அருகில் போய்த் தணிந்த குரலில் கேளுங்கள்:

'இங்கே உட்கார்ந்தது இன்னைக்கு வேலைக்கு உதவுச்சா?'

'பாதிதான் முடிஞ்சுது மிஸ்.'

'எது இடைஞ்சலா இருந்தது?'

'பேசிட்டே இருந்துட்டோம்.'

'சரி, நாளைக்கு எங்கே உட்காரலாம்னு நினைக்கிறே?'

பதிலை மாணவரே சொல்ல விடுங்கள். அடுத்த நாளும் அதே கதை என்றால், அன்றைக்கு மட்டும் இடத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள், மறுநாள் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இடத் தேர்வைப் பரிசாக மாற்றாதீர்கள். நல்ல மதிப்பெண் எடுத்தவருக்குத் திண்டு, வீட்டுப்பாடம் செய்யாதவருக்கு மர நாற்காலி என்று வைத்தால், யாருக்கு ஊக்கம் அதிகம் தேவையோ அவருக்கே அது கிடைக்காமல் போகும். பரிசால் ஆர்வம் குறையவும் வாய்ப்புண்டு. 1971-ல் டெசி செய்த சோதனையில், புதிர் விடுவிப்பதற்குப் பணம் பெற்ற கல்லூரி மாணவர்கள், பணம் நின்றபின் அந்தப் புதிரில் முன்பிருந்த அளவுக்கு ஈடுபாடு காட்டவில்லை.

படி 7: யாருக்கு எது ஒத்துவராது என்று பாருங்கள்

காது சரியாகக் கேட்காத மாணவருக்கு உங்கள் முகமும் உதடும் தெரியவேண்டும், மின்விசிறிக்கும் கதவுக்கும் அருகில் அவரை உட்காரவைக்கக் கூடாது. கண் பார்வை குறைவானவருக்குப் போர்டுக்கு நெருக்கமும் ஜன்னல் கூசாத கோணமும் வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு தினம் தினம் இடம் மாறுவது பதற்றம் தரும். இடம் யாருக்கும் நிரந்தரம் இல்லை என்ற விதிக்கு விலக்காக அவர்களுக்கு நிலையான ஓர் இடத்தை உறுதி செய்துவிடுங்கள், நாளைக்கு அறை எப்படி இருக்கும் என்பதை முந்தின நாளே ஒரு படமாக வரைந்து காட்டுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு 'ப' வடிவம் முதலில் பயமாக இருக்கும். தொடக்கத்தில் ஜோடியாகப் பேசிவிட்டு, அந்த ஜோடியின் சார்பில் ஒருவர் பேசட்டும்.

ஒரே இடம்தான் வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதுவும் ஒரு தேர்வுதான், மதியுங்கள்.

பெஞ்சை நகர்த்தவே முடியாது என்றால்?

நீண்ட பெஞ்சுகள், நெருக்கமான அறை, அறுபது பேர் என்றாலும் வழி உண்டு. ஒன்றுவிட்டு ஒரு வரிசை பின்னால் திரும்பி உட்கார்ந்தால் குழு கிடைக்கிறது. அறையை நான்கு பகுதிகளாகப் பிரித்து வாரத்துக்கு ஒருமுறை பகுதிகள் சுழன்றால், முன்வரிசையும் ஜன்னலோரமும் எல்லோருக்கும் வரும். சுவர்களில் பெரிய தாள்களை ஒட்டிவைத்து மாணவர்கள் அணி அணியாகப் போய் நின்று எழுதிவிட்டு வரலாம். தாழ்வாரமும் மரத்தடியும் இருந்தால் வாசிப்பு வட்டத்துக்கு அவை போதும். நீங்கள் எங்கே நின்று பாடம் நடத்துகிறீர்கள் என்பதை மாற்றினாலே போதும், பின்வரிசை முன்வரிசையாகிவிடும். செலவில்லாத மாற்றங்களில் இதுவே முதலிடம் என்பேன்.

அறையைப் பலர் பகிர்ந்துகொண்டால், வெளியேறும்போது அடிப்படை அமைப்புக்குத் திரும்புவது மாணவர்களின் பொறுப்பு. பாடவேளையின் கடைசி மூன்று நிமிடத்தை இதற்காகவே ஒதுக்குங்கள். தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். வகுப்பு நடக்கும்போது பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துக் கேள்வி வரும், காரணம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

படி 8: பலன் இருக்கிறதா என்று பாருங்கள்

சிரித்த முகங்களை வைத்து முடிவு செய்யவேண்டாம். படி 1-ல் செய்த அதே வரைபடம், அதே மூன்று குறிகளோடு, நான்கு வாரம் கழித்து மீண்டும் ஒரு வாரம் போடுங்கள். கோடுகள் அறை முழுக்கப் பரவியிருக்கின்றனவா? பெருக்கல் குறிகள் குறைந்திருக்கின்றனவா? முன்பு வெறுமையாக இருந்த கட்டங்களின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

அதோடு வேறு சில அடையாளங்களும் உண்டு. மணி அடித்தபின்னும் வேலையைத் தொடர்கிறவர்கள், தாமாக எழுந்து இன்னொரு குழுவிடம் சந்தேகம் கேட்கிறவர்கள், அரைகுறையாக வரும் நோட்டுகள் எத்தனை என்று பாருங்கள். மாதம் ஒருமுறை மாணவர்களிடம் இரண்டு வரி வாங்குங்கள்: எந்த அமைப்பில் நன்றாகக் கற்றேன், எதை மாற்றலாம். அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது அடுத்த வாரமே செய்து காட்டுங்கள். கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் விட்டால் அடுத்த முறை சீட்டு வெறுமையாக வரும்.

முன்னேற்றம் தெரியவில்லை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சத்தம் அதிகம் என்றால் முதலில் குழுப் பணியைத் திருத்துங்கள், அது சரியான பிறகும் சத்தம் இருந்தால் குழுக்களை இடம் மாற்றுங்கள். ஒரே பிள்ளைகளே பேசுகிறார்கள் என்றால் அவர்களை 'ப'வின் நுனிக்கும், பேசாதவர்களை உங்களுக்கு நேரெதிரேயும் அமர்த்துங்கள். ஒரு மாற்று அமைப்பை நான்கு வாரத்தில் இரண்டு முறைகூடப் பயன்படுத்தவில்லை என்றால் அதன் டேப்பைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு என்ன வரலாம் என்று வகுப்பைக் கேளுங்கள்.